திருச்சியில் இடம் வாங்குவது: பத்திரம், பட்டா, கோயில் மண், ஆற்றுத் தண்ணீர்

திருச்சியில் இப்போது மனை தேடுகிறவர்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வகைச் செய்திகளைப் படிக்கிறார்கள். விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் பேருந்துகள் அங்கிருந்து ஓட ஆரம்பித்தன. நகரம் தெற்கே நகர்கிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதே நேரத்தில், ஸ்ரீரங்கத்தில் வீட்டின் கீழுள்ள மண் யாருடையது என்ற அடிமனைப் பிரச்சினை, திருச்செந்துறையில் பதிவு மறுப்பு, கோரையாறு கரை உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் என்றும் செய்திகள் வருகின்றன.

பணம் கொடுத்து, முத்திரைத் தீர்வை கட்டி, அரசு அலுவலகத்திலேயே பதிவான இடத்தில் எப்படிச் சிக்கல் வரும் என்பதுதான் பலருடைய குழப்பம். உறையூர் சோழர்களின் பழைய தலைநகரம். ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் தீவு. இப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு துண்டு மண்ணுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பது ஒன்று. அதன் மேல் தண்ணீர் எப்படிப் போனது என்பது மற்றொன்று. விற்பவர் கையில் கொண்டுவந்து காட்டும் கோப்பில் இரண்டுமே முழுசாக இருக்காது. நாம்தான் தேடிப் போக வேண்டும்.

பதிவு வேறு, உரிமை வேறு

இந்தியாவில் சார்பதிவாளர் அலுவலகம் பதிவு செய்வது ஆவணத்தை. நிலத்தின் உரிமையை அது பதிவு செய்வதில்லை. "இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில் இப்படி எழுதிக் கொடுத்தார்" என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று அது உத்தரவாதம் தருவதில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அப்படி எழுதிய பத்திரம் முறையாகப் பதிவாகியிருந்தாலும் வாங்கியவருக்கு நிலம் வராது.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு பதிவு விதிகளில், விற்பவர் தன் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்ற 55ஏ(1)-ஐச் செல்லாது என்று அறிவித்தபோது சொன்ன காரணமும் இதுதான். விற்பவரின் உரிமையை ஆராய்ந்து முடிவு சொல்லும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு அலுவலருக்குத் தரவில்லை. அதாவது, உரிமையைச் சரிபார்க்கும் வேலை முழுக்க வாங்குபவர் தலையில் இருக்கிறது. "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, அப்புறம் என்ன?" என்ற நிம்மதிக்குச் சட்டத்தில் இடமில்லை.

பவர் பத்திரத்தை மட்டும் வைத்து இடம் கைமாறும் வழக்கம் புறநகரில் இன்னும் இருக்கிறது. பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர், உரிமையாளரின் சார்பில் கிரையப் பத்திரம் எழுதித் தரலாம். அதற்கும் உரிமையாளர் அன்றைய தேதியில் உயிரோடு இருக்க வேண்டும், பவர் ரத்தாகாமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு காகிதமும் எதைச் சொல்கிறது

1. தாய்ப்பத்திரம். இன்றைய விற்பனையாளருக்கு நிலம் எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போகும் பத்திரங்களின் தொடர். வங்கிகள் பெரும்பாலும் 30 வருடத் தொடர்ச்சியைப் பார்க்கும். திருச்சியின் பழைய பகுதிகளுக்கு 30 வருடம் போதாது என்பது என் கருத்து. காரணம் கீழே கோயில் நிலம் பற்றிய பகுதியில் வருகிறது.

2. வில்லங்கச் சான்று. ஒரு நிலத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு மனு போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இதில் "வில்லங்கம் இல்லை" என்று வந்தால், அந்தப் புல எண்ணில், அந்தக் காலத்தில், அந்த அலுவலகத்தில் பதிவான ஆவணம் இல்லை என்று மட்டுமே பொருள். பதிவாகாத உயில், நிலுவையில் இருக்கும் வழக்கு, இறந்தவரின் வாரிசு உரிமை, வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் இதில் தெரியாது. கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். உட்பிரிவு ஆகும் முன் 145/2 என்று இருந்த நிலம் இப்போது 145/2பி என்று இருந்தால், 145/2பி-க்கு மட்டும் வில்லங்கம் போட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

3. பட்டா. வருவாய்த்துறையின் கணக்கில் நிலவரி யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஆவணம். உரிமைக்கு வலுவான துணைச் சான்று. அதுவே உரிமை ஆகாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வது இதைத்தான், பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது ஏற்பட்ட பெயர்ப் பிழையும் பரப்புப் பிழையும் இன்றுவரை வழக்குகளாக ஓடுகின்றன. 1985-இல் பட்டாவில் புதிதாக ஒரு பெயர் முளைத்திருந்து, அதற்கு ஆதாரமான பத்திரம் எதுவும் இல்லையென்றால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

4. 'அ' பதிவேடு. சாதாரணமாக வாங்குபவர்கள் பார்க்காமல் விடுவது இது. அரசின் இணையச் சேவைப் பக்கத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். பழைய புல எண், அரசு நிலமா ரயத்துவாரியா (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் தனியார் நிலமா), நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், மண் தரம், தீர்வை, பரப்பு, பட்டா எண், பெயர் என்று ஒவ்வொரு கட்டமாக வரும். இதில் 'பாசன ஆதாரம்' என்ற கட்டத்தில் ஒரு வாய்க்காலின் பெயர் இருந்தால், நீங்கள் பார்க்கும் சமதள மனை நேற்றுவரை தண்ணீர் பாய்ந்த வயல் என்று புரிந்துகொள்ளலாம். 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தை விடாமல் படியுங்கள். புறம்போக்கு நிலமாக இருந்தால் அது வாய்க்காலா, பாதையா, மயானமா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

5. புலப்படம். எஃப்.எம்.பி. என்று அழைக்கப்படும் அளவு வரைபடம். நிலத்தின் நான்கு பக்க அளவும், பக்கத்துப் புலங்களும், ஊடாகப் போகும் வாய்க்காலும் பாதையும் இதில் இருக்கும். நேரில் பார்க்கும் இடத்தில் வாய்க்கால் இல்லை, படத்தில் இருக்கிறது என்றால், யாரோ அதை மூடியிருக்கிறார்கள்.

மாநகராட்சியின் பழைய வார்டுகளில் கிராமப் புல எண்ணுக்குப் பதிலாக நகர அளவை எண் வழங்குகிறது: வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று. 1950-களின் பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், இன்றைய பத்திரத்தில் டி.எஸ். எண் இருக்கும். இரண்டும் ஒரே மண்தான் என்பதை நகர நில அளவைப் பதிவேட்டைக் கொண்டு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த இணைப்பு இல்லாத தொடர் நடுவில் அறுந்த தொடர்.

கோயில் மண், இனாம் மண்: 22ஏ பிரிவு எங்கே வருகிறது

இதுதான் திருச்சியில் மிகவும் சிக்கலான பகுதி. கொஞ்சம் பின்னே போனால்தான் புரியும்.

அரசர்களும் பாளையக்காரர்களும் நவாபும் கோயில்களுக்கும், மடங்களுக்கும், பள்ளிவாசல்களுக்கும், வேதம் ஓதியவர்களுக்கும், ஊரில் பணி செய்தவர்களுக்கும் நிலம் கொடுத்தார்கள். இதற்கு இனாம் என்று பெயர். கொடுத்தது எல்லாமே ஒரே வகை இல்லை. சில இனாம்களில் நிலமே கொடுக்கப்பட்டது. சிலவற்றில் அரசுக்கு வரவேண்டிய பங்கான மேல்வாரம் மட்டும் கொடுக்கப்பட்டது; உழுதவரின் குடிவாரம் உழுதவரிடமே இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இனாம் கமிஷன் அமைத்து இவற்றை ஆராய்ந்து பதிவேட்டில் எழுதியது. 1963-இல் தமிழ்நாடு அரசு இனாம்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டங்களைக் கொண்டுவந்தது. செட்டில்மென்ட் தாசில்தார் விசாரித்து, யாருக்கு உரிமை இருந்ததோ அவருக்கு ரயத்துவாரி பட்டா கொடுத்தார். சில இடங்களில் அது கோயிலுக்குப் போனது, சில இடங்களில் அனுபவித்தவருக்குப் போனது, சிலவற்றில் தகராறு நீதிமன்றம் ஏறியது.

இன்று நடக்கும் பல தகராறுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. "எங்களுக்கு நிலமே கொடுக்கப்பட்டது" என்று ஒரு தரப்பும், "வாரம் மட்டும்தான் கொடுக்கப்பட்டது, நிலம் எங்கள் முன்னோருடையது" என்று மறு தரப்பும் நிற்கின்றன. அதனால்தான் 30 வருடத் தொடர் போதாது என்றேன். 1963-க்குப் பிறகு வந்த செட்டில்மென்ட் ஆணை யார் பெயரில் இருக்கிறது என்பதுவரை பின்னே போக வேண்டும். தனி நபர் பெயரில் ரயத்துவாரி பட்டா வழங்கிய ஆணையின் நகல் கிடைத்தால் அது நல்ல அடித்தளம்.

ஸ்ரீரங்கத்தில் இது தெருவுக்குள்ளேயே வருகிறது. அரங்கநாதர் கோயிலின் ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் தெருக்கள். அங்கே கட்டடம் ஒருவருக்கும் அதன் கீழுள்ள மண் இன்னொருவருக்கும் என்ற நிலைக்குத்தான் அடிமனை என்று பெயர். மண் தன்னுடையது என்கிறது கோயில். தலைமுறை தலைமுறையாக விற்று வாங்கிப் பத்திரம் வைத்திருக்கிறோம் என்கிறார்கள் குடியிருப்பவர்கள். அவர்களுடைய வேதனை உண்மையானது. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வீட்டை விற்க முடியாமலும், அடமானம் வைக்க முடியாமலும் குடும்பங்கள் தவிக்கின்றன. இருந்தாலும், வாங்கப் போகிற ஒருவர் இந்தத் தகராறு தீரும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துப் பணம் போடக் கூடாது.

இப்போது சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

1. தமிழ்நாட்டுக்கென்று பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 22ஏ பிரிவு, நான்கு வகை நிலங்களின் விற்பனை, தானம், அடமானம், பரிவர்த்தனை, குத்தகைப் பத்திரங்களை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் பதியக் கூடாது என்கிறது: அரசு மற்றும் உள்ளாட்சி நிலங்கள், அறநிலையத்துறைச் சட்டத்துக்கு உட்பட்ட சமய நிறுவன நிலங்கள், பூதான (நிலதான இயக்கத்தில் கொடுக்கப்பட்ட) நிலங்கள், வக்ஃப் (இஸ்லாமிய அறக்கொடை) நிலங்கள். அங்கீகாரமில்லாத மனைகளும் இதே பிரிவில் தனியாக வருகின்றன.

2. சம்பந்தப்பட்ட துறைகள் புல எண்களைப் பட்டியலாகப் பதிவுத்துறைக்கு அனுப்புகின்றன. அந்த எண்கள் கணினியில் முடக்கப்படுகின்றன; பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைப் பூஜ்ஜியமாக ஆக்குவது வழக்கமான முறை. ஆகவே, பதிவுத்துறைத் தளத்தில் ஒரு புல எண்ணின் வழிகாட்டி மதிப்பைத் தேடும்போது பூஜ்ஜியம் என்று வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

3. பட்டியலில் தவறும் வரலாம். முழுப் புல எண்ணில் ஒரு உட்பிரிவு மட்டும் கோயிலுடையதாக இருக்க, மொத்த எண்ணும் முடக்கப்படும். துறையின் ஆட்சேபக் கடிதம் ஒன்றை மட்டும் வைத்துப் பதிவை மறுக்கக் கூடாது, இரு தரப்பையும் அழைத்துச் சுருக்கமாக விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது.

4. அறநிலையத்துறைச் சட்டம் (1959) 34-ஆம் பிரிவின்படி, முறையான அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலோ அது செல்லாது. அதே சட்டத்தின் 109-ஆம் பிரிவு, கோயில் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்கிறது. தனியார் நிலத்தில் 12 வருட எதிரிடை அனுபவம், அதாவது உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாகத் தொடர்ந்து அனுபவிப்பது, உரிமையைத் தரலாம். கோயில் நிலத்தில் அந்த வாதம் நிற்காது.

திருச்செந்துறையில் 2022 செப்டம்பரில் நடந்தது 22ஏ பிரிவின் நேரடி விளைவு. காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கிராமத்தில் நிலம் விற்கப் போன ஒருவரிடம், வக்ஃப் வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். பழமையான சந்திரசேகர சுவாமி கோயில் உள்ள ஊர் முழுவதும் எப்படி வக்ஃப் சொத்தாகும் என்று மக்கள் கேட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பதிவு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதில் வாங்குபவர் பார்க்க வேண்டியது மத விவகாரத்தை இல்லை, ஒரு நிர்வாக உண்மையை. நேற்றுவரை தடையில்லாமல் பதிவான ஒரு எண், ஒரு துறையின் கடிதத்தால் நாளை முடங்கலாம். பழைய கோயில், மடம், பள்ளிவாசல், தர்கா ஆகியவற்றின் சுற்றுவட்டாரத்தில் வாங்கும்போது முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த எண்ணை அறநிலையத்துறை, வக்ஃப் வாரியம் இரண்டிலும் கேட்டுவிடுவது நல்லது. கோயில் நிலங்களின் விவரங்களை அறநிலையத்துறை 2021 முதல் தன் இணையதளத்தில் ஏற்றி வருகிறது.

பழைய வீடுகளும் கையெழுத்துப் போடாத வாரிசுகளும்

உறையூர், தெப்பக்குளம், திருவானைக்காவல் பக்கம் நூறு வருட வீடுகள் விலைக்கு வருகின்றன. மண்ணில் தகராறு இல்லாவிட்டாலும் குடும்பத்தில் இருக்கும். தாத்தா காலத்தில் வாங்கியது, அப்பா பெயரில் பட்டா மாறியது, மூன்று மகன்கள் சேர்ந்து விற்கிறார்கள். சரி, மகள்கள் எங்கே?

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லேயே இதைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தச் சட்டம் வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது. ஆகவே "அக்காவுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு" என்ற பதிலை ஏற்கக் கூடாது. அக்கா கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் எழுதிய பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

வாரிசுகளில் மைனர் இருந்தால், அவருக்குத் தனியாக வந்த பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால், அவர் மேஜரான பிறகு மூன்று வருடங்களுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம்.

இன்னொன்று, மலைக்கோட்டையில் உள்ள குடைவரைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். பழைய வீட்டை வாங்கி இடித்து மாடி கட்டலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தூரத்தை முதலில் அளக்க வேண்டும்.

புதிய 'நகர்'கள்

நகரின் விளிம்பில் சிக்கல் வேறு மாதிரி. வயலைப் பிரித்து, கல் நட்டு, வளைவு வைத்து 'நகர்' என்று பெயர் சூட்டியிருப்பார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மட்டும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. தொழில்நுட்ப ஒப்புதல் நகர ஊரமைப்பு இயக்ககத்திடமிருந்து, அதாவது டி.டி.சி.பி.யிடமிருந்து வர வேண்டும். அதன் அடிப்படையில்தான் உள்ளாட்சி இறுதி அனுமதி தரும்.

அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் அரசு இத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20 என்று தேதியை வரையறுத்தது. அந்தத் தேதிக்கு முன் மனையாகவே பதிவானதை மறுபடி விற்கலாம். ஆனால் வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, வங்கியும் கடன் தராது. நீர்நிலையிலும் அரசு நிலத்திலும் போட்ட மனைகளுக்கு வரன்முறையே கிடையாது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் மனைத் திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஆணையத்தின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், பூங்கா என்று குறித்த இடம் பூங்காவாகவே இருக்கிறதா, சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பூங்கா இடத்தையும் மனையாக்கி விற்ற பிரிவுகளில் வாங்கியவர்கள் பிற்பாடு அல்லாடுகிறார்கள்.

தண்ணீர் எந்த வழியாக வரும்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரியாகவே ஓடுகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். 1836-இல் கட்டப்பட்ட மேலணை இந்தப் பிரிவைக் கட்டுப்படுத்துகிறது. மேட்டூர் அணை நிரம்பினால் வரும் உபரி நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில்தான் திருப்பி விடப்படும். 2018 ஆகஸ்டில் அப்படிப் பெருவெள்ளம் வந்தபோது மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடக் கரையில் ஆற்றைப் பார்த்தபடி மனை என்று யாராவது விற்றால், அது வெள்ள வடிகாலின் ஓரம் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் நகரத்துக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் காவிரி கரை தாண்டி வருவதால் இல்லை. தெற்கிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் கோரையாறு தெற்கே இருந்து வடக்கு நோக்கி வந்து, உய்யக்கொண்டான் வாய்க்காலைக் கடந்து, குடமுருட்டி என்ற பெயரில் காவிரியில் சேர்கிறது. இதன் வழியில்தான் பஞ்சப்பூர், கருமண்டபம், உறையூரின் மேற்குப் பகுதி எல்லாம் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே கனமழை பெய்யும்போது காவிரியிலும் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் குடமுருட்டியால் வடிய முடியாது. தண்ணீர் பின்னோக்கித் தேங்கி, தாழ்ந்த இடங்களில் ஏறும். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சி கண்ட வெள்ளங்கள் இந்த அமைப்பை மனதில் வைத்துப் பார்க்கும்போதுதான் புரிகின்றன. நகரம் இன்று வளர்ந்துகொண்டிருக்கும் திசையும் அதே தெற்குதான்.

உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் பிரிந்து, நகரின் ஊடாகப் போய், வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. வழிநெடுக வயல்களுக்கும் ஏரிகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. வயல் போனாலும் கிளையின் சரிவு போகாது. மழை பெய்தால் தண்ணீர் பழைய பாதையையே தேடும்.

வாங்கும் முன் செய்யக்கூடியவை:

1. புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வைத்து, மனையிலிருந்து எந்தப் பக்கம் ஏரி, எந்தப் பக்கம் வாய்க்கால், எது மேடு என்று குறியுங்கள்.
2. செயற்கைக்கோள் படத்தில் பழைய ஆண்டுகளின் காட்சிகளைப் பாருங்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களின் படத்தில் நீர் தேங்கிய இடம் கருமையாகத் தெரியும்.
3. மனையின் மண்ணைக் கவனியுங்கள். சுற்றிலும் கரிசலோ களிமண்ணோ இருக்க, மனையில் மட்டும் சிவப்பு கிராவல் மண் மூன்றடி உயர்ந்து இருந்தால், பள்ளம் நிரப்பப்பட்டிருக்கிறது.
4. பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேல் குடியிருப்பவர்களிடம் கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அந்த வீடுகளின் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கிய கறையும், வாசலில் புதிதாகக் கூட்டிய படியும் அவர்கள் சொல்லாமல் விட்டதையும் சொல்லும்.
5. நீர்நிலைப் புறம்போக்கு என்று 'அ' பதிவேட்டில் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

பதிவுச் செலவு

கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,200 சதுர அடி மனையின் மதிப்பு 24 லட்சம்; தீர்வை 1,68,000, கட்டணம் 48,000. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

எந்த வரிசையில் போக வேண்டும், பதிவு மறுத்தால் என்ன

பெரும்பாலானோர் முன்பணம் கொடுத்த பிறகு வக்கீலிடம் போகிறார்கள். வரிசையை மாற்ற வேண்டும். முதலில் புல எண்ணை வாங்கி, வீட்டிலிருந்தே வழிகாட்டி மதிப்பு, 'அ' பதிவேடு, பட்டா, வில்லங்கம் நான்கையும் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம். அடுத்து நேரில் இடத்தையும் சுற்றுப்புறத்தையும், முடிந்தால் மழை நாளில். அதன்பின் வக்கீலின் எழுத்துப்பூர்வமான கருத்து. கடன் தேவையில்லாதவர்கள்கூட ஒரு வங்கியின் சட்டப் பரிசீலனைக்குப் பத்திரங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாம் சரியென்றால் மட்டும் விற்பனை ஒப்பந்தம், முன்பணம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது 2012 இறுதியிலிருந்து கட்டாயம். வெறும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துப் பெருந்தொகை கைமாறுவது ஆபத்து. உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பதிவுக்குப் பிறகு பட்டா மாறுதலை விடாமல் முடிக்க வேண்டும். முழுப் புலமாக இருந்தால் சீக்கிரம் ஆகிவிடும். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அப்போது நீங்களும் இருந்து கல்லை நடச் செய்யுங்கள்.

பதிவை மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். பதிவுச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி, சார்பதிவாளர் மறுப்புக்கான காரணத்தை எழுதி ஆணை தர வேண்டும். அந்த ஆணையை எதிர்த்து மாவட்டப் பதிவாளரிடம் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவரும் மறுத்தால், அதிலிருந்து 30 நாட்களுக்குள் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். புல எண் தவறுதலாக முடக்கப்பட்டிருந்தால் உட்பிரிவைக் காட்டும் புலப்படம், செட்டில்மென்ட் ஆணையின் நகல், தாய்ப்பத்திரத் தொடர் மூன்றையும் சேர்த்து, முடக்கச் சொன்ன துறைக்கும் பதிவுத்துறைக்கும் ஒரே நேரத்தில் மனு கொடுங்கள். விற்பவர் பெயரில்தான் அந்த மனு போக வேண்டும். அது தீரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.